ஒரு சதுரத் தாளும் ஒரு துண்டு கேக்கும்

கண்டிப் பக்கம் கலியாணத்துக்குப் போய்த் திரும்புகிறவர்களில் பலர் கையில் ஒரு சின்னப் பெட்டியோடு வருவார்கள். மண்டபத்து மூலையில் அடுக்கடுக்காக எழும்பி நிற்கும் கேக்கை அப்படியே வெட்டிப் பரிமாறுவது அபூர்வம். அதில் பெரும்பகுதி ரிஜிபோமின் மேல் ஐசிங் பூசிய வேலைப்பாடுதான். சாப்பிடுகிற கேக் வேறு. ரவை, கஜு, இஞ்சிப் பாகு, பூசணித் தோசி, பன்னீர் எல்லாம் சேர்த்து முன்கூட்டியே வேகவைத்து, சிறு துண்டுகளாக்கி, எண்ணெய்த்தாளில் சுற்றி அந்தப் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். கேக்கைப் பிள்ளைகள் பறித்துத் தின்று முடித்த பிறகும் பெட்டியை எறிய யாருக்கும் மனம் வராது. ஊசி, நூல், தோடு, சில்லறை என்று ஏதாவது ஒன்று அதில் குடியேறிவிடும்.

அந்தப் பெட்டிகள் பெரும்பாலும் அச்சகத்தில் வெட்டி, மடிப்புக் கோடு போட்டு, பசை வைத்து வருபவை. ஆனால் பசையும் வேண்டாம், அச்சும் வேண்டாம், இரண்டு சதுரத் தாள் போதும் என்று சொல்லுகிற ஒரு கலை இருக்கிறது. அதுதான் ஒரிகாமி. ஜப்பானிய மொழியில் ‘ஒரி’ என்றால் மடித்தல், ‘காமி’ என்றால் தாள். கொக்கும் தவளையும் செய்கிற விளையாட்டாகவே பலர் அதை அறிந்திருக்கிறார்கள். வீட்டுத் தேவைக்கு உடனே உதவுவது அதன் பெட்டிகள்தான்.

அவற்றில் மிகப் பழகியதும் எளியதும் ‘மசு’. ஜப்பானியர் அரிசி அளப்பதற்கு வைத்திருந்த சதுர மரப்பெட்டியின் பெயர் அது. அரிசிக்கு நம்மவர் சுண்டு வைத்திருப்பது போல அவர்களுக்கு மசு. அந்த மரப்பெட்டியின் உருவத்தைத் தாளில் கொண்டுவந்ததால் மடித்த பெட்டிக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

செய்முறை இதுதான். தாளின் நிறமுள்ள பக்கம் கீழே இருக்கும்படி மேசையில் வைக்க வேண்டும். இரண்டு மூலைவிட்டங்களையும் மடித்து விரித்தால் நடுப்புள்ளி கிடைக்கும். நான்கு மூலைகளையும் அந்தப் புள்ளிக்குக் கொண்டுவந்து மடித்தால் தாள் ஒரு கடித உறை போல் சுருங்கும். இந்தச் சிறிய சதுரத்தின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் நடுக்கோடு வரை மடித்து விரிக்க வேண்டும். இடமும் வலமும் அப்படியே. இனி எதிரெதிரே உள்ள இரண்டு மூலைகளை மட்டும் முழுதாக விரித்துவிட்டு, விரிக்காத இரண்டு பக்கங்களையும் சுவராக நிமிர்த்த வேண்டும். விரித்த முனைகளில் ஒன்றைத் தூக்கினால் அதன் இரு ஓரமும் முக்கோணமாக உள்ளே மடங்கிக் கொடுக்கும். அந்த முனையைச் சுவருக்கு மேலாக உள்ளே கவிழ்த்து அடியில் படிய வைத்தால் கூர்நுனி நடுப்புள்ளியைத் தொடும். மறுமுனைக்கும் இதே வேலை. நான்கு நுனிகளும் நடுவில் கூடியதும் பெட்டி முடிந்தது.

முதல் தடவை மடிக்கிறவர் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். முனையைத் தூக்கும்போது ஓரங்கள் உள்ளே போகாமல் வெளியே பிதுங்கும். முன்னால் போட்ட கோடுகள் அழுத்தமாக விழாததே காரணம். ஒவ்வொரு மடிப்பையும் நகத்தாலோ கரண்டிக் காம்பாலோ ஒருமுறை நீவிவிட்டால் தாள் சொன்னபடி கேட்கும். படத்தைப் பார்த்துச் செய்ய விரும்புகிறவர்களுக்கு ஒரு வசதியும் உண்டு. புள்ளிக்கோடு, அம்புக்குறி என்று இன்று எல்லா ஒரிகாமிப் புத்தகங்களிலும் காணப்படும் குறியீட்டுக்கு அடித்தளம் போட்டவர் அகிரா யோஷிசாவா (1911–2005). அவர் 1950களில் அமைத்த அந்த முறையைத் தெரிந்துகொண்டவருக்கு ஜப்பானிய மொழி தெரியாவிட்டாலும் ஜப்பானியப் புத்தகத்தைப் பார்த்து மடிக்க முடியும்.

எந்த அளவுத் தாளை எடுத்தாலும் மசுப் பெட்டியின் உயரம் அதன் அடிப்பக்கத்தில் சரிபாதியாகத்தான் வரும். அடிப்பக்கத்தின் நீளம் தாளின் பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கை விடச் சற்றுக் கூடுதல். 15 செ.மீ. சதுரத் தாளில் மடித்தால் அடி 5.3 செ.மீ., உயரம் 2.65 செ.மீ. ஒரு தீப்பெட்டி தாராளமாக உள்ளே போகும். ஏ4 தாளிலிருந்து எடுத்த 21 செ.மீ. சதுரம் என்றால் அடி 7.4 செ.மீ. மூடியும் இதே மடிப்புதான். அடிப்பெட்டிக்கான தாளை மூடிக்கான தாளை விட அரை செ.மீ. குறைத்து வெட்டினால் மூடி இறுகாமலும் கழன்று விழாமலும் பொருந்தும்.

இந்தக் கணக்கை ரசிக்கிறவர்கள் ஒருவரை நினைத்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் டெபுடி கலெக்டராக இருந்த டி. சுந்தர ராவ், தாள் மடிப்பைக் கொண்டே வடிவியலைக் கற்பிக்கும் ஆங்கில நூல் ஒன்றை 1893இல் சென்னையில் வெளியிட்டார். பாலர் வகுப்புகளுக்கு ஜெர்மானியக் கல்வியாளர் ஃபிரோபல் வகுத்த தாள் மடிப்புப் பயிற்சிதான் அவருக்குப் பொறி. தாறுமாறான ஒரு தாளிலிருந்து மடித்தே சரியான சதுரத்தை எடுப்பது எப்படி என்பதில் தொடங்குகிறது அந்த நூல். ஜெர்மானியக் கணித அறிஞர் ஃபெலிக்ஸ் கிளைன் அதை எடுத்துக்காட்டிப் பேசினார். 1901இல் சிகாகோவில் அதற்கு அமெரிக்கப் பதிப்பும் வந்தது. பெட்டி மடிப்பவருக்கும் முதல் வேலை அந்தச் சதுரம்தான். ஒரு மில்லிமீற்றர் சரிந்தாலும் கடைசியில் நான்கு நுனிகளும் நடுவில் சேராமல் காட்டிக்கொடுத்துவிடும்.

சதுரம் சரியாக அமைந்தால் அடுத்தது தாளின் தன்மை. கண்டியில் இதைக் கவனிக்காமல் முடியாது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரம், சுற்றிலும் மலை, நடுவில் வாவி, ஐப்பசி கார்த்திகையில் விடாத மழை. ஈரக் காற்றைத் தாள் உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் ஏறிய தாளில் மடிப்பு விறைப்பாக நிற்காது. காலையில் செய்த பெட்டி மாலையில் வாய் பிளக்கும். தாளை மூடிய பையில் வைத்திருந்து, வெயில் வந்த நேரத்தில் எடுத்து மடிப்பதும், மடித்ததை ஒரு தடித்த புத்தகத்தின் கீழே சற்றுநேரம் வைப்பதும் இதற்கான கைவைத்தியம்.

பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பழக்கமான பிரிஸ்டல் போர்ட் இந்தச் சிறிய பெட்டிக்குத் தடிப்பு அதிகம். மூலைகளில் பல படை சேருமிடத்தில் முரண்டு பிடிக்கும். வெசாக் கூட்டுக்கு ஒட்டும் டிசு மிக மெல்லியது, தனியாக நிற்காது. சாதாரண ஃபோட்டோகொப்பித் தாளும் பரிசுப் பொதிக்குச் சுற்றும் தாளும் நடுத்தரமானவை. பளபளக்கும் கலண்டர் தாள் அழகாக இருந்தாலும் மடிப்பு விழுந்த இடத்தில் வண்ணம் வெடித்து வெள்ளைக்கோடு தெரியும். இயந்திரத்தில் செய்த தாளுக்கு ஒரு திசை உண்டு: இழைகள் ஓடும் பக்கமாக வளைத்தால் சுலபமாக வளையும், குறுக்கே வளைத்தால் எதிர்க்கும். கையில் எடுத்து இரண்டு பக்கமும் வளைத்துப் பார்த்தாலே பிடிபட்டுவிடும்.

திசையே பெரிதாக இல்லாத தாளும் பக்கத்திலேயே தயாராகிறது. கண்டியிலிருந்து கொழும்பு வீதியில் இறங்கினால் கேகாலை. 1975இல் தொடங்கிய பின்னவல யானைகள் சரணாலயம் இருக்கும் அந்தப் பகுதியில், யானைச் சாணத்திலிருந்து கடதாசி செய்கிறது மக்ஸிமஸ் என்ற நிறுவனம். யானை தின்னும் தென்னை, கித்துள், பலா இலைகளில் பாதிக்கு மேல் செரிக்காமலே வெளியே வருகிறது. இழைகளைப் பிரிக்கும் வேலையில் ஒரு பகுதியை யானையின் வயிறே முடித்துவிடுகிறது. சாணத்தைக் காயவைத்து, நன்றாக அவித்துக் கிருமி நீக்கி, கழிவுத் தாளோடு சேர்த்துக் கூழாக்கி, சல்லடைச் சட்டத்தில் அள்ளி உலர்த்துகிறார்கள். வாசம் எதுவும் இருக்காது. கண்ணுக்குத் தெரியும் இழைகளோடு சற்றுச் சொரசொரப்பாக இருக்கும் இந்தத் தாள், சிறிய மசுவுக்கு முரடு. பெரிய சதுரமாக எடுத்து, மடிப்புக் கோட்டில் அடிமட்டத்தை வைத்து, எழுதாத பேனா முனையால் ஒரு கோடு கீறிவிட்டு மடித்தால் தோல்பெட்டி போன்ற தோற்றம் வரும்.

அலங்காரத்துக்கு எங்கேயும் போகத் தேவையில்லை. சதுரச் சட்டங்களை மூலைக்கு மூலை கட்டி, வண்ணத்தாள் ஒட்டி, வெட்டுப்பூ வைத்துச் செய்யும் ‘அட்டபட்டம்’ என்ற வெசாக் கூட்டைக் கண்டித் தெருக்களில் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு வடிவியல் புதிதல்ல. ஜப்பானில் பெட்டி ஒரிகாமிக்கென்றே பெயர் பெற்றவர் 1951இல் நீகாட்டாவில் பிறந்த தொமொகோ ஃபுசே. ஒரே மாதிரி மடித்த பல துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி, ஆறு பக்கம், எட்டு பக்கம் என்று பெட்டிகளை எழுப்புவது அவர் வழி. வெவ்வேறு நிறத் தாள்களைச் செருகும்போது மூடியின் மேல் நட்சத்திரமும் சுழலும் பூவும் தாமாகவே உண்டாகும். மசுவில் கை தேர்ந்தவர்கள் அடுத்து இறங்க வேண்டிய இடம் அது.

தாளின் அருமையை இலங்கைக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2022 மார்ச்சில் அச்சடிக்கக் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே ஒத்திப்போட வேண்டியிருந்தது. பழைய கொப்பித் தாளைச் சுருட்டிக் கச்சான் சரை கட்டுகிற கடைக்காரர்களும் அதே சிக்கனத்தின் பிள்ளைகள்தான். வீட்டில் கிடக்கும் ஒரு பக்கம் அச்சான தாள்கள் பழகுவதற்குப் போதுமானவை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: அச்சு மையுள்ள தாளில் தின்பண்டத்தை நேரடியாக வைக்கக் கூடாது. கேக்கோ, பால் டொபியோ, முதலில் எண்ணெய்த்தாளில் சுற்றியே வைக்க வேண்டும்.

கலியாணத்துக்கோ பிறந்தநாளுக்கோ செய்து பார்க்க நினைப்பவர்களுக்குக் கணக்கு இலகுவானது. ஏ4 தாளைக் குறுக்கே இரண்டாக வெட்டினால் ஒவ்வொரு பாதியிலும் 14.8 செ.மீ. சதுரம் ஒன்று கிடைக்கும். ஒன்று மூடிக்கு, மற்றதில் அரை செ.மீ. கழித்து அடிக்கு. ஆக ஒரு ஏ4 தாளுக்கு மூடியோடு ஒரு பெட்டி. நூறு விருந்தினருக்கு நூறு தாள். 500 தாள் உள்ள ஒரு கட்டில் ஐந்தில் ஒரு பங்கு. வீட்டில் நாலு பேர் உட்கார்ந்தால் ஆளுக்கு இருபத்தைந்து பெட்டி.