தரகுக் காசு யார் பையிலிருந்து போகிறது?

"உங்களுக்கு ஒரு சதமும் செலவில்லை, எனக்குக் கம்பெனிதான் கொடுக்கும்." காப்புறுதி ஏஜண்ட் லயத்துக்கு வந்து இப்படிச் சொன்னால் நாமும் தலையாட்டி விடுகிறோம். அந்தக் கம்பெனிக்குக் காசு எங்கயிருந்து வருது? நாம் மாதாமாதம் கட்டும் காசிலிருந்துதான்.

தரகு என்பது தோட்டத்துக்குப் புதிய சங்கதி இல்லை. நாம் பறிக்கும் கொழுந்து தூளாகிக் கொழும்பு ஏலத்துக்குப் போகிறது. 1883ஆம் ஆண்டு தொடங்கிய அந்த ஏலம் 2020இல் கணினி முறைக்கு மாறியது. அங்கே புரோக்கர் கம்பெனிகள் தூளை ருசி பார்த்து, விலை மதித்து, பட்டியல் போட்டு விற்றுக் கொடுக்கின்றன. விற்ற விலையில் ஒரு சிறு வீதம் அவர்களுக்குத் தரகு. தூள் நல்ல விலைக்குப் போனால் தொழிற்சாலைக்கும் நல்லது, புரோக்கருக்கும் நல்லது. விலை விழுந்தால் இரண்டு பேருக்கும் குறைவு.

ஆயுள் காப்புறுதியில் கணக்கு வேறு மாதிரி. அங்கே ஏஜண்டுக்கு முதல் வருடம்தான் பெரிய தரகு. அடுத்தடுத்த வருடங்களில் அது குறைந்துகொண்டே போகும். ஒரு பேச்சுக்கு, மாதம் 1,500 ரூபா கட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 18,000 ரூபா. முதல் வருடத் தரகு நூற்றுக்கு 30 என்றால் 5,400 ரூபா ஏஜண்டுக்குப் போகும். அடுத்த வருடம் நூற்றுக்கு 10 என்றால் 1,800 ரூபாதான். (வீதம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.)

இப்போது கொழுந்து குறைந்து, பேரும் குறைந்து, இரண்டாம் வருடம் கட்ட முடியாமல் போகிறது. என்ன நடக்கும்? பொதுவாக முதல் இரண்டு மூன்று வருடத்துக்குள் நிறுத்தினால் திரும்பக் கிடைப்பது மிகக் கொஞ்சம். சில வேளை ஒன்றுமே இல்லை. காப்புறுதியும் நின்றுவிடும். பெரிய தரகு வேலை முடிந்த கையோடு போய்விட்டது, நட்டம் நம்முடையது.

இதனால் ஏஜண்டுமார் எல்லாரும் ஏமாற்றுக்காரர் என்று நாம் சொல்லவில்லை. மலையேறி வந்து விளக்கம் சொல்பவருக்குக் கூலி வேண்டும்தானே! குடும்பத்தில் உழைப்பவர் திடீரென்று போய்விட்டால் காப்புறுதிக் காசு பிள்ளைகளைத் தாங்கும். ஆனால் நாம் எவ்வளவு பெரிய தொகை கட்டுகிறோமோ அவ்வளவு பெரிய தரகு அவருக்கு. ஆகவே, நம்மால் தாங்கக்கூடிய தொகை எது என்பதை நாமே தீர்மானிக்க வேண்டும்.

கையெழுத்துப் போடுமுன் இவற்றைக் கேளுங்க:

1. முதல் வருடம் நான் கட்டும் காசில் உங்கள் தரகு எவ்வளவு?
2. ஒரு வருடத்தில் நிறுத்தினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? மூன்று வருடத்தில்? அதை எழுதித் தருவீர்களா?
3. நீங்கள் எந்தக் கம்பெனியில் பதிவு செய்த ஏஜண்ட்? அடையாள அட்டை எங்கே?
4. பத்திரம் கைக்கு வந்த பிறகு மனம் மாறினால் எத்தனை நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்?

கட்டும் ஒவ்வொரு காசுக்கும் பற்றுச்சீட்டு வாங்கி வையுங்க. சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும் படிவத்தை, படித்த பிள்ளை ஒருவரைக் கொண்டு வாசிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

இன்னொன்று. ஊழியர் சேமலாப நிதிக்கு நம் சம்பளத்தில் நூற்றுக்கு 8, தோட்ட நிர்வாகம் 12 கட்டுகிறது. அந்தக் காசு மத்திய வங்கியின் பொறுப்பில் இருக்கிறது. அதை எடுக்க விண்ணப்பிப்பது தொழில் திணைக்களத்தில். அதற்கு ஏஜண்ட் தேவையில்லை. "எடுத்துத் தருகிறேன், நூற்றுக்கு இவ்வளவு கொடு" என்று யாராவது கேட்டால், அது நம் வயதான காலத்துக் காசிலிருந்து வெட்டும் தரகு. கொடுக்க வேண்டாம்.