ஓட்டுநர் இல்லாத லாரியும் பதினோரு மணி நேரக் கணக்கும்

அமெரிக்காவில் சரக்கு லாரி ஓட்டுபவர் தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வெடுத்த பிறகே அடுத்த பணியில் இறங்க வேண்டும். இறங்கியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள், அதிலும் அதிகபட்சம் 11 மணி நேரமே, வண்டி ஓட்டலாம் என்கிறது அந்நாட்டுக் கூட்டரசு விதி. களைப்பினால் நேரும் விபத்துகளைக் குறைக்க வகுக்கப்பட்ட இந்த வரம்பு, பெரும் விலை கொடுத்து வாங்கிய வண்டியை நாளில் பாதிக்கும் மேல் நிறுத்திவைக்கிறது. டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்திலிருந்து அரிசோனாவின் ஃபீனிக்ஸுக்குச் செல்லும் சுமார் 1,600 கிலோமீட்டர் பயணத்தைத் தனி ஓட்டுநர் ஒருவர் விதியை மீறாமல் ஒரே மூச்சில் முடிக்க முடியாது என்பதால், நடுவழியில் வண்டியும் சரக்கும் இரவெல்லாம் காத்துக் கிடக்கின்றன. தானியங்கி லாரிகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஓட்டுநரின் சம்பளம் மிச்சமாவதைச் சுற்றியே நடந்தாலும், இத்தொழில்நுட்பத்தை விற்பவர்கள் கண்வைத்திருப்பது இந்த நின்றுகிடக்கும் நேரத்தின் மீதுதான்.

ஓட்டுதலில் இயந்திரத்தின் பங்கைப் பூச்சியம் முதல் ஐந்து வரை ஆறு நிலைகளாகப் பொறியாளர்கள் பிரிக்கிறார்கள். லாரித் துறை நாடுவது நான்காம் நிலையை. அதாவது, முன்கூட்டி வரையறுத்த சாலையிலும் வானிலையிலும் மட்டும் வண்டி மனிதக் கண்காணிப்பின்றித் தானே ஓடும், சிக்கல் நேர்ந்தால் தானே ஓரங்கட்டிக்கொள்ளும். மணிக்கு 105 கிலோமீட்டர் வேகத்தில் வரும் 36 டன் லாரி முழுதாக நிற்பதற்குள் ஏறத்தாழ 160 மீட்டர் கடந்துவிடும் என்பதால், காருக்குப் போதுமான பார்வை லாரிக்குப் போதாது. ஆகவேதான் கேமரா, ரேடார் ஆகியவற்றோடு, லேசர் கதிர்கள் பொருள்களில் பட்டுத் திரும்புவதைக் கொண்டு தொலைவை அளக்கும் லைடார் என்னும் கருவியும் பொருத்தப்படுகிறது.

இந்தத் துறையின் வாக்குறுதிகளுக்குக் கெடு தவறுவது புதிதன்று. 2016இல் ஊபருக்குச் சொந்தமான ஓட்டோ நிறுவனத்தின் லாரி கொலராடோவில் சுமார் 190 கிலோமீட்டர் தூரம் பீர் ஏற்றிச் சென்று பெரும் விளம்பரம் தேடிக்கொண்டது. இரண்டே ஆண்டுகளில் ஊபர் அந்தப் பிரிவையே மூடிவிட்டது. தானியங்கி லாரிகளை உருவாக்கிவந்த ஸ்டார்ஸ்கி நிறுவனம் 2020இல் கடையைக் கட்டியது, வேமோ நிறுவனம் 2023இல் தன் லாரித் திட்டத்தைக் கிடப்பில் போட்டது. ஒருவழியாக 2025இல் அரோரா நிறுவனம் டாலஸ் - ஹூஸ்டன் நெடுஞ்சாலையில் ஓட்டுநர் இல்லாத வணிகப் போக்குவரத்தைத் தொடங்கியது. ஆனால் சில வாரங்களிலேயே, லாரியைத் தயாரித்த பேக்கார் நிறுவனம் கேட்டுக்கொண்டதால், ஓட்டுநர் இருக்கையில் ஒரு பார்வையாளரை மீண்டும் உட்காரவைக்க நேர்ந்தது.

ஓட்டுவது மட்டுமே ஓட்டுநரின் வேலை அல்ல என்பது சாலையோரத்தில்தான் தெளிவாகத் தெரிகிறது. நெடுஞ்சாலையோரம் பழுதாகி நிற்கும் லாரியின் ஓட்டுநர் 10 நிமிடங்களுக்குள் கீழே இறங்கி, மூன்று எச்சரிக்கை முக்கோணங்களை வைக்க வேண்டும். நடுவே பிரிக்கப்பட்ட நெடுஞ்சாலையாயின், பின்னால் வரும் வண்டிகளை நோக்கி ஏறக்குறைய 3, 30, 60 மீட்டர் தொலைவுகளில் அவை நிற்க வேண்டும். முக்கோணத்தை எடுத்துக்கொண்டு நடந்துசெல்ல இயந்திரத்துக்குக் காலில்லை. ஆகவே லாரியிலேயே பொருத்திய ஒளிரும் விளக்குகளை மாற்றாக ஏற்கும்படி வேமோவும் அரோராவும் 2023இல் விண்ணப்பித்தன; கூட்டரசு அமைப்பு 2024 இறுதியில் மறுத்துவிட, அரோரா நீதிமன்றத்துக்குப் போனது. இதைச் சில்லறைத் தகராறு என்று ஒதுக்கிவிட முடியாது. டயரின் காற்றைப் பார்ப்பது, சரக்கின் கட்டு தளர்ந்திருக்கிறதா என்று சோதிப்பது, சரக்கு வாங்குபவரிடம் கையெழுத்துப் பெறுவது எனச் சம்பளக் கணக்கில் ஏறாத பணிகள் பல ஓட்டுநரின் தலையில் இருக்கின்றன.

எனவே அமெரிக்காவில் கனரக லாரி ஓட்டும் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அனைவரும் வேலையிழப்பர் என்ற அச்சம் மிகையானது. நெடுஞ்சாலையின் இரு முனைகளிலும் சரக்கு மாற்று மையங்களை அமைத்து, அவற்றுக்கு இடைப்பட்ட தூரத்தை இயந்திரத்துக்கும், மையத்திலிருந்து நகருக்குள் செல்லும் குறுகிய ஓட்டத்தை மனிதருக்கும் பிரித்துக்கொடுப்பதே பரவலாகப் பேசப்படும் ஏற்பாடு. ஆய்வுக்காகத் தாமே லாரி ஓட்டிப் பார்த்த சமூகவியலாளர் ஸ்டீவ் விசெல்லி, 2018இல் வெளியிட்ட ஆய்வில், நேரடியாக ஆபத்துக்குள்ளாகும் நெடுந்தூர வேலைகளை ஏறத்தாழ 2,94,000 என மதிப்பிட்டார்.

ஆனால் எண்ணிக்கையைவிட வேலையின் தரமே கவலைக்குரியது. மாற்றாக உருவாகும் குறுந்தூர ஓட்டத்துக்கு இன்றுள்ள முன்மாதிரி, துறைமுகங்களிலிருந்து கன்டெய்னர்களை இழுத்துச் செல்லும் தொழில். லாஸ் ஏஞ்சலீஸ் போன்ற இடங்களில் அதைச் செய்பவர்களில் பெரும்பாலோர் ஊழியர்களாக அன்றிச் சுயேச்சை ஒப்பந்தக்காரர்களாகக் காட்டப்பட்டு, லோடு கணக்கில் கூலி பெறுவதால், வாசலில் வரிசையில் நிற்கும் மணிக்கணக்கான நேரத்துக்குக் காசு கிடைப்பதில்லை. 10,000 பவுண்டு எடைக்கு மேற்பட்ட தானியங்கி வண்டிகளில் பயிற்சி பெற்ற ஆள் இருந்தே தீரவேண்டும் என்று கலிஃபோர்னியா சட்டமன்றம் தொழிற்சங்கத்தின் ஆதரவுடன் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் கேவின் நியூசம் 2023இல் நிராகரித்தார். ஆள் இருக்க வேண்டுமா என்பதைப் பற்றிய அந்தச் சண்டையில், மிஞ்சும் ஆளுக்கு என்ன கூலி என்ற கேள்வி பின்னுக்குப் போய்விட்டது.

சொந்த வண்டிக்காரரின் நிலை இன்னும் இக்கட்டானது. அமெரிக்காவின் லாரி நிறுவனங்களில் மிகப் பெரும்பாலானவை பத்துக்கும் குறைவான வண்டிகளை வைத்திருப்பவை. அரோரா போன்றவை ஓட்டும் திறனை மைலுக்கு இவ்வளவு என்ற கட்டணத்தில் விற்கத் திட்டமிடுகின்றன. ஆனால் அதற்குரிய புதிய லாரிகளையும் மாற்று மையங்களையும் பராமரிப்பு ஒப்பந்தங்களையும் தாங்கும் மூலதனம் பெரிய நிறுவனங்களிடமே இருக்கிறது. மாதத் தவணை கட்டிக்கொண்டு ஒற்றை வண்டியை 11 மணி நேர வரம்புக்குள் ஓட்டுபவர், இரவும் பகலும் ஓடக்கூடிய வண்டியோடு அதே சாலையில், அதே வாடகைக்குப் போட்டியிட வேண்டியிருக்கும்.