வடித்த தண்ணீரில் இருக்கிறது விஷயம்

தருமபுரிப் பக்கத்து வீடுகளில் கீரை வெந்த தண்ணீரைக் கீழே கொட்ட மனம் வராது. உப்பும் மிளகும் சேர்த்துச் சாறாக்கி, கேழ்வரகுக் களிக்கு ஊற்றிக்கொள்வார்கள். சத்து வீணாகக் கூடாது என்கிற நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த வீட்டில் சிறுநீரகம் பழுதடைந்து, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிய ஒருவர் இருந்தால், அவர் தட்டுக்கு முதலில் போகக் கூடாதது அந்தத் தண்ணீர்தான்.

எல்லாக் காய்கறியிலும் பொட்டாசியம் உண்டு. இதயம் சீராகத் துடிக்க அது வேண்டும். ரத்தத்தில் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருப்பது சரியான அளவு. மிஞ்சியதைச் சிறுநீரில் வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. அது தளர்ந்துவிட்டால் பொட்டாசியம் ரத்தத்திலேயே தேங்குகிறது. அளவு மிகவும் கூடினால், வலியோ அறிகுறியோ காட்டாமலே இதயத் துடிப்பு தடுமாறும், நின்றும் போகலாம்.

சந்தையில் என்ன வாங்குவது? 100 கிராம் சுரைக்காய், பீர்க்கங்காய், முட்டைகோஸில் பொட்டாசியம் ஏறக்குறைய 140 முதல் 170 மில்லிகிராம். உருளைக்கிழங்கில் 400-ஐத் தாண்டும். தண்டுக்கீரையில் 600 வரை போகும்.

பாலக்கோடு சந்தையில் குவியும் தக்காளியில் சுமார் 240. ஆகவே குடும்பத்துக்கே வைக்கும் ரசத்தில் போடும் ஒரு தக்காளியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. தொக்கு அப்படியல்ல. ஒரு கிலோ தக்காளி சுண்டிச் சில கரண்டியாகும்போது ஆவியாவது தண்ணீர் மட்டுமே. பொட்டாசியம் முழுக்கச் சட்டியிலேயே தங்கிவிடுகிறது.

சமைக்கும் முறையிலும் வழி இருக்கிறது. காயை நறுக்கி இரவெல்லாம் ஊறவைத்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அமெரிக்க வேளாண் அறிஞர்கள் 2008-இல் உருளைக்கிழங்கை வைத்துச் சோதித்தபோது, வெறுமனே ஊறவைத்ததில் பெரிய பலன் இல்லை. துண்டுகளாக்கி வேகவைத்தபோது பொட்டாசியம் சுமார் பாதி குறைந்தது. துருவி வேகவைத்தபோது முக்கால் பங்கு குறைந்தது. குறைந்த பங்கு வெந்த தண்ணீரில் இறங்கிவிடுகிறது. எனவே காயைப் பொடியாக நறுக்குங்கள், தண்ணீரைத் தாராளமாக வைத்து வேகவிடுங்கள், பிறகு வடித்துக் கொட்டிவிடுங்கள்.

‘சோடியம் குறைந்தது’ என்று விற்கும் உப்பிலும் கவனம் வேண்டும். அத்தகைய உப்புகள் பலவற்றில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு.

தண்ணீரும் முக்கியம். தருமபுரி மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். உடலில் சேரும் ஃபுளோரைடை வெளியேற்றுவதிலும் பெரும் பங்கு சிறுநீரகத்துக்கே. கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது. சமையலுக்கும் குழாயில் வரும் காவிரி நீரையே எடுங்கள்.

பொட்டாசியக் கட்டுப்பாடு எல்லோருக்கும் அல்ல. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் இருந்தும் சிறுநீரகம் நன்றாக இயங்குபவர்கள் கீரையையும் காயையும் விட்டுவிட்டால் நன்மையை இழப்பார்கள். சிறுநீரக நோயாளிகளிலும் எல்லோருக்கும் பொட்டாசியம் ஏறுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிய உணவுப் பட்டியல் உங்களுக்குப் பொருந்தாது.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவைக் கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். “என் ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு?” என்றும் கேளுங்கள். அந்த எண்ணைத் தெரிந்துகொண்டு சந்தைக்குப் போங்கள்.