உடைக்காமல் உள்ளே பார்ப்பது

ஓர் எஃகுத் துண்டின் வலிமையை அறிய நேரான வழி, அது அறும்வரை இழுத்துப் பார்ப்பதுதான். எவ்வளவு விசை தாங்கும் என்பது தெரிந்துவிடும். ஆனால் அந்தத் துண்டு பிறகு எதற்கும் உதவாது. அதனால் தொழிற்சாலைகள் ஒரு தொகுதியில் சிலவற்றை மட்டும் உடைத்துப் பார்த்து, மீதியும் அப்படியே இருக்கும் என்று கொள்கின்றன. எல்லாத் துண்டுகளும் ஏறத்தாழ ஒன்றுபோல இருந்தால்தான் அந்த முடிவு செல்லும்.

நடைமுறையில் துண்டுக்குத் துண்டு வேறுபாடு இருக்கிறது. வார்ப்பில் உருகிய உலோகம் ஆறிச் சுருங்கும்போது உள்ளே வெற்றிடம் விழலாம். வெல்டிங்கில் கசடு சிக்கிக்கொள்ளலாம். வெல்டிங் ராடு ஈரமாக இருந்தால் ஹைட்ரஜன் புகுந்து, வேலை முடிந்து பல மணி நேரம் கழித்துக்கூட விரிசல் தோன்றலாம். இக்குறைகள் வெளியே தெரியாது. உடைத்துப் பார்த்த மாதிரியில் இல்லாமல் அடுத்த துண்டில் இருக்கலாம். பொருளுக்குச் சேதமின்றி அதையே சோதிக்கும் முறைகள் இதனால்தான் தேவைப்பட்டன.

மேற்பரப்பு விரிசலுக்கு எளிய வழி சாயச் சோதனை. சிவப்புத் திரவத்தைப் பூசிச் சற்று நேரம் விட்டுத் துடைத்தபின் வெள்ளைப் பொடியைத் தூவினால், விரிசலுக்குள் புகுந்த சாயம் கசிந்து சிவப்புக் கோடாகத் தெரியும். இரும்பிலும் எஃகிலும் காந்தத் துகள் சோதனை பயன்படும். பொருளைக் காந்தமாக்கினால் விரிசல் உள்ள இடத்தில் காந்தப்புலம் வெளியே கசியும். இரும்புத் தூள் அங்கே போய் ஒட்டும். அலுமினியத்துக்கு இது உதவாது.

ஆழத்தில் உள்ள குறைக்கு இரண்டு வழிகள் முக்கியமானவை. 1895-இல் ரான்ட்கன் கண்டறிந்த எக்ஸ் கதிரையோ, இரிடியம்-192 வெளியிடும் காமாக் கதிரையோ வெல்டிங் இணைப்பின் ஊடே செலுத்தினால், குமிழும் கசடும் ஃபிலிமில் கருமையாகப் பதியும். ஆனால் கதிருக்குக் குறுக்கே தட்டையாகக் கிடக்கும் மெல்லிய விரிசல் பெரும்பாலும் பதியாது. அத்தகைய விரிசலை மீயொலி நன்றாகப் பிடிக்கும். எஃகில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 5,900 மீட்டர் செல்கிறது, 5 செ.மீ. ஆழத்து விரிசலில் பட்ட எதிரொலி 17 மைக்ரோ நொடியில் திரும்பும். அந்த நேரமே ஆழத்தைச் சொல்லிவிடும். ரயில் தண்டவாளங்களும் சக்கர அச்சுகளும் இம்முறையில் சோதிக்கப்படுகின்றன.

சோதனையும் எப்போதும் ஒரே தரத்தில் அமைவதில்லை. 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் சூ சிட்டியில் டிசி-10 விமானம் விபத்துக்குள்ளாகி, அதிலிருந்த 296 பேரில் 112 பேர் இறந்தனர். இன்ஜினின் டைட்டானிய விசிறித் தட்டு பறக்கும்போதே உடைந்திருந்தது. உலோகத்தை உருக்கியபோது நைட்ரஜன் மிகுந்து உண்டான ஒரு கடினப் புள்ளியிலிருந்து விரிசல் வளர்ந்திருந்தது. முந்தைய ஆண்டு நடந்த ஒளிரும் சாயச் சோதனையின்போது அது ஏறத்தாழ அரை அங்குலம் இருந்தும் கண்ணில் படாமல் போனது என்று விசாரணை முடிவு செய்தது. உற்பத்தியில் நேர்ந்த பிழையும் சோதனையில் நேர்ந்த பிழையும் ஒரே தட்டில் சேர்ந்துவிட்டன. எந்த அளவுள்ள விரிசல் எத்தனை சதவீத வாய்ப்பில் கண்டறியப்படும் என்று ஒவ்வொரு முறைக்கும் அளந்து வைப்பது இதனால் முக்கியமாகிறது.

குறையைக் கண்டு ஒதுக்குவதோடு வேலை முடிவதில்லை; அது ஏன் வந்தது என்றும் பார்க்க வேண்டும். வால்ட்டர் ஷூஹார்ட் 1924-இல் வகுத்த கட்டுப்பாட்டு வரைபடம், இயல்பான ஏற்ற இறக்கத்தையும் தனிக் காரணத்தால் வரும் மாற்றத்தையும் பிரித்துக் காட்டுகிறது. சராசரிக்கு இருபுறமும் மூன்று திட்டவிலக்கத் தொலைவில் எல்லைக் கோடுகள் போடப்படும். குறை விகிதம் அவற்றுக்குள் இருந்தால் இயந்திரத்தைத் திருகத் தேவையில்லை. மீறினால் காரணத்தைத் தேட வேண்டும். எக்ஸ் கதிர் ஃபிலிம்களில் குமிழ்கள் திடீரெனக் கூடினால், வெல்டிங் ராடு உலர்த்தும் அடுப்பையும் பார்ப்பார்கள்.

எவ்வளவு சோதிப்பது என்பது செலவுக் கணக்கும்கூட. அழுத்தக் கலன்களுக்கான அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் (ஏஎஸ்எம்இ) விதிகளின்படி, இருபுறமும் வெல்டிங் செய்த நேர் இணைப்பை முழுவதும் கதிர்ப்படம் எடுத்தால் அதன் வலிமையை முழுதாகக் கணக்கில் கொள்ளலாம். ஆங்காங்கே மட்டும் எடுத்தால் 85 சதவீதம். எடுக்காவிட்டால் 70 சதவீதம். சோதனையைக் குறைக்கும் ஆலை அந்த அளவுக்குத் தடித்த தகடு வாங்க வேண்டியிருக்கும்.