பனிமலைக்குப் புறப்படுமுன்
எவரெஸ்ட் உச்சியை எட்டிய முதல் மலேசியர்கள் மகேந்திரன், மோகனதாஸ் எனும் இரு தமிழர்கள்; நாள் 1997 மே 23. நெகிரி செம்பிலான் தோட்டத்தில் வளர்ந்த எனக்கும் அவர்களால்தான் இமயமலை ஆசை. வரும் டிசம்பரில் நண்பர்களோடு நடைப்பயணம் போகிறேன்.

ஆனால், 2014 ஏப்ரல் 18 அன்று எவரெஸ்டில் ஒரே பனிச்சரிவில் 16 நேப்பாளப் பணியாளர்கள் மாண்டனர். மலையிலேயே பிழைப்பு நடத்தியவர்கள் அவர்கள்!

அடைமழைக்குப் பின் மேட்டோரம் போகாதே என்பார் தாத்தா. பனியும் அப்படித்தான். 30 முதல் 45 பாகைச் சரிவில், வலுவற்ற பழைய அடுக்கின்மேல் புதுப்பனி குவிந்தால், ஒருவரின் காலடியே அதைச் சரித்துவிடும். புதைந்தவரை ஏறக்குறைய 15 நிமிடத்துக்குள் தோண்டி எடுக்க வேண்டும்.

வழிகாட்டி திரும்பச் சொன்னால் திரும்பிவிடுவோம். அந்த வாக்கின் பேரில்தான் அம்மா அனுமதி தந்தார்.