சாம்பல் நீலக்கல்: சூடு கண்டதா, காணாததா?

நீலக்கல் என்று பெயர் வைத்துவிட்டு, அது சாம்பல் நிறத்தில் இருக்கிறது என்றால் உங்களுக்குக் குழப்பமாகத்தான் இருக்கும். வேதியியல் பாடத்தைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த அலுமினியம் ஆக்சைடின் படிகம்தான் நீலக்கல். இந்தக் கனிமத்தை ஆங்கிலத்தில் கொரண்டம் என்பார்கள். அந்தச் சொல்லே நம்முடைய ‘குருந்தம்’ என்பதிலிருந்து போனதுதான் என்று அகராதிகள் சொல்கின்றன. சுத்தமான குருந்தத்துக்கு நிறமே கிடையாது. அதில் சிறிதளவு குரோமியம் கலந்தால் சிவந்து மாணிக்கம் ஆகிறது. இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்து கலந்தால் நீலமாகிறது. சிவப்பைத் தவிர்த்த மற்ற நிறங்களை எல்லாம் கடைக்காரர்கள் ‘சஃபையர்’ என்ற ஒரே பெயரில் விற்கிறார்கள். மஞ்சளை நம்மவர்கள் புஷ்பராகம் என்பார்கள். சாம்பலுக்குத் தனிப்பெயர் இல்லை.

உங்கள் வீட்டில் ஒருவர் மோதிரத்துக்குச் சாம்பல் நீலக்கல் ஒன்று வாங்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். (சனி பகவானுக்காகவா, அழகுக்காகவா என்பது அவர் விருப்பம், இங்கே நாம் கல்லை மட்டும் பார்ப்போம்.) கல் பட்டை தீட்டப்படாமல், பாதி முட்டையைக் கவிழ்த்ததுபோல் வழவழவென்று இருக்கிறது. இந்த வெட்டுக்குக் காபஷான் என்று பெயர். கடைக்காரர், “இது சூடேற்றாத கல், அதனால்தான் இந்த விலை” என்கிறார். சூடேற்றாத கல்லுக்கு விலை கூடுதல் என்பது உண்மைதான். ஆனால் அவர் சொன்னது உண்மையா?

விடை அந்தச் சாம்பல் நிறத்துக்குள்ளேயே பாதி ஒளிந்திருக்கிறது.

பூமிக்கடியில் மிகுந்த வெப்பத்தில் குருந்தம் உருவானபோது டைட்டேனியம் அதற்குள் கரைந்திருந்தது. கல் மிக மிக மெதுவாக ஆறியபோது அவ்வளவு டைட்டேனியத்தைக் கரைத்து வைத்துக்கொள்ள அதனால் முடியவில்லை. சீனிப்பாகு ஆறும்போது கற்கண்டு பிரிவதுபோல, டைட்டேனியம் ஆக்சைடு தனியே பிரிந்தது. ஒரு வித்தியாசம், இங்கே திடப்பொருளுக்கு உள்ளேயே இன்னொரு திடப்பொருள் பிரிகிறது. இப்படிப் பிரிந்த கனிமத்தின் பெயர் ரூட்டைல். வெள்ளைச் சாயத்திலும் பற்பசையிலும் சேர்க்கப்படும் அதே டைட்டேனியம் ஆக்சைடுதான். அது முடியைவிட மெல்லிய ஊசிகளாக, படிகத்தின் அமைப்புக்கு ஏற்ப மூன்றே திசைகளில், ஒன்றுக்கொன்று 60 பாகைக் கோணத்தில் அடுக்கிக்கொள்கிறது. இரத்தினக்கல் தொழிலில் இதைப் ‘பட்டு’ என்கிறார்கள். இந்தப் பட்டு ஒளியைச் சிதறடிப்பதால்தான் பல கற்கள் மங்கலாக, பால் கலந்த சாம்பல் நிறமாகத் தெரிகின்றன.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். பளபளப்பான தையல் நூற்கண்டு ஒன்றை எடுத்து, இருட்டறையில் கைப்பேசி விளக்கை அதன்மேல் அடியுங்கள். நூலுக்குக் குறுக்கே ஒளிக்கோடு ஒன்று தோன்றும். மூன்று திசைகளில் நூல் இருந்தால் மூன்று கோடுகள் ஒரே இடத்தில் வெட்டிக்கொண்டு ஆறு கதிர்கள் உண்டாகும். அதுதான் நட்சத்திர நீலக்கல். மேற்பரப்பு வளைந்திருந்தால்தான் இந்தக் கோடு உருவாகும். சாம்பல் கல்லைப் பட்டை தீட்டாமல் குவிமாடமாக விடுவதற்கு இதுவே முக்கியக் காரணம். நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘ஸ்டார் ஆஃப் இந்தியா’ இப்படிப்பட்ட ஒரு சாம்பல் நீலக் காபஷான்தான். அதன் எடை 563 கேரட், அதாவது ஏறத்தாழ 113 கிராம். பெயரில் இந்தியா இருந்தாலும் அது கிடைத்தது இலங்கையில். 1964இல் அதைத் திருடிக்கொண்டு போனார்கள். சில மாதங்கள் கழித்து மயாமியில், பேருந்து நிலையப் பெட்டகம் ஒன்றில் அது கிடைத்தது!

இப்போது சூட்டுக்கு வருவோம். இலங்கையில் இரத்தினபுரி வட்டாரத்தில் பால் படர்ந்ததுபோல் கிடைக்கும் மங்கலான குருந்தக் கற்களுக்கு ‘கெவுட’ என்று பெயர். ஒரு காலத்தில் அவற்றுக்கு மதிப்பு மிகக் குறைவு. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் அவற்றை மலிவாக வாங்கிக்கொண்டு போய், ஆக்சிஜன் குறைந்த உலையில் சுமார் 1,600 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினார்கள். ரூட்டைல் ஊசிகள் கரைந்தன. டைட்டேனியம் மறுபடியும் படிகத்துக்குள் போய் இரும்போடு சேர்ந்தது. மங்கலான கல் தெளிந்த நீலமானது. விற்றவர்கள் வயிறு எரிந்திருக்கும்! ஆனால் அறிவியல் கண்ணால் பார்த்தால் இது அழகான வேலை. குருந்தம் ஏறத்தாழ 2,050 டிகிரியில்தான் உருகும் என்பதால் கல் உருகாமல் இதைச் செய்ய முடிகிறது. சூடேற்றுவது ஏமாற்று வேலை என்று நான் சொல்லமாட்டேன். அதைச் சொல்லாமல் மறைத்து விற்பதுதான் ஏமாற்று.

ஆகவே ஒரு சாம்பல் கல்லில் ஊசிகள் கூர்மையாக, முழுசாக இருந்தால் அது அந்த அளவு வெப்பத்தைப் பார்த்ததில்லை என்று பொருள். உலைக்குப் போய் வந்த கல்லை நுண்ணோக்கியில் பார்த்தால் ஊசிகள் துண்டு துண்டாக, புள்ளி புள்ளியாகத் தெரியும். உள்ளே சிக்கியிருக்கும் வேறு சிறு படிகங்கள் விரிந்து, தங்களைச் சுற்றி வட்டத் தட்டுபோல் விரிசலை உண்டாக்கியிருக்கும்.

அப்படியானால் பட்டு இருந்தாலே போதுமா? போதாது. குறைந்த வெப்பத்தில் சூடேற்றினால் ஊசிகள் அப்படியே இருக்கக்கூடும். தவிர, டைட்டேனியத்தை வெளியிலிருந்து மேற்பரப்புக்குள் ஊடுருவச் செய்து செயற்கையாக நட்சத்திரம் உண்டாக்கும் முறையும் இருக்கிறது. அந்த ஊசிகள் மேல்தோலில் மட்டுமே இருக்கும். ஆய்வகச் சான்றிதழ்களின் வாசகத்தைக் கவனியுங்கள். ‘இந்தக் கல் சூடேற்றப்படவில்லை’ என்று எழுதமாட்டார்கள். ‘சூடேற்றியதற்கான அறிகுறிகள் இல்லை’ என்றுதான் எழுதுவார்கள். பரிசோதனை அறிக்கை எழுதும்போது உங்கள் ஆசிரியர் வற்புறுத்தும் அதே கவனம்தான் இது. பார்த்ததை மட்டும் எழுத வேண்டும்.

கல் குருந்தமே இல்லாமல் கண்ணாடியாக இருந்தால்? அதற்கு ஆர்க்கிமிடிஸ் போதும். 5 கேரட் கல்லின் எடை 1 கிராம். குருந்தத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 4 கிராம் என்பதால், நூலில் கட்டி நீருக்குள் தொங்கவிட்டால் தராசு 0.75 கிராம் காட்டும். அடர்த்தி 2.5 உள்ள கண்ணாடி என்றால் 0.60 கிராம்தான். ஏன் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆனால் இந்தச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னெய் 1902இல் வெளியிட்ட முறையில் உருவாகும் செயற்கைக் குருந்தத்துக்கும் அடர்த்தி அதே 4தான். 1940களின் இறுதியில் அமெரிக்காவின் லிண்டே நிறுவனம் செயற்கை நட்சத்திரக் கற்களையே விற்பனைக்குக் கொண்டுவந்தது. அவற்றின் கதிர்கள் வரைந்ததுபோல் துல்லியமாக இருக்கும். இயற்கைக் கல்லில் கதிர்கள் சற்று மங்கியும், சில சமயம் வளைந்தும் இருக்கும். இந்தத் தொழிலில் ரொம்ப அழகாக இருப்பதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

கடையில் குழல் விளக்குக்குக் கீழே கல்லைப் பார்க்காதீர்கள். ஒரே ஒரு கைவிளக்கை நேர் மேலே பிடியுங்கள். கதிர்கள் சந்திக்கும் புள்ளி உச்சியில் இருக்கிறதா, விளக்கை நகர்த்தினால் அதுவும் நகர்கிறதா என்று பாருங்கள். பக்கவாட்டில் ஒதுங்கி இருந்தால் வெட்டியவர் படிகத்தின் அச்சைச் சரியாகப் பிடிக்கவில்லை. பிறகு கல்லைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். காபஷான் கற்களில் எடை குறையாமல் இருக்க அடிப்பகுதியைத் தடிமனாக விட்டுவிடுவார்கள். விலை கேரட் கணக்கில். மோதிரத்துக்குள் மறைந்து போகும், யார் கண்ணிலும் படாத அந்த அடிப்பகுதிக்கும் சேர்த்துத்தான் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள்.

கடைசியாகப் பொற்கொல்லரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். குருந்தத்தின் கடினம் மோஸ் அளவில் 9. தினமும் அணிந்தாலும் எளிதில் கீறல் விழாது. ஆனால் பற்றவைக்கும்போது பயன்படுத்தும் வெங்காரம் சூடான கல்லின்மேல் பட்டால் வழவழப்பான மேற்பரப்பை அரித்துவிடும். கல்லைக் கழற்றி வைத்துவிட்டு நெருப்பைக் காட்டச் சொல்லுங்கள்.