மூளையில் மின்கருவி தாங்கிய பெண்ணும் மகப்பேறும்

நோயுற்ற பெண்ணொருத்தியைக் கண்டால் நம்மவர் முதலிற் கேட்பது, இவளுக்குக் கலியாணம் ஆகுமா என்பது. ஆனபின் கேட்பது, பிள்ளை பெறலாமா என்பது. மூளைக்குள் மின்கருவி பொருத்தப்பட்டவளாயின், இரண்டாம் வினாவுக்குப் பலர் விசாரியாமலே 'கூடாது' என்று தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். அத்தீர்ப்புச் சரியன்று.

டிஸ்டோனியா என்றொரு நோய் உண்டு. கழுத்தோ, கையோ, காலோ, சிலருக்கு உடல் முழுவதுமோ தானாக முறுக்கிக்கொள்ளும். பேய் பிடித்ததென்று வேப்பிலை அடிக்கப்பட்டவர் எத்தனை பேரோ! மருந்துக்கு அடங்காதவிடத்து, மூளையின் ஆழத்தில் மெல்லிய கம்பிகளைச் செலுத்தி, அவற்றைத் தோலின் அடியே காதின் பின்புறமாகக் கொண்டுவந்து, காறை எலும்பின் கீழே புதைத்த சிறு மின்கலப் பெட்டியோடு இணைப்பர். 1987இல் பிரான்சின் கிரெனோபிள் நகரிலே பேராசிரியர் பெனபிட் நடுக்க நோய்க்கு வளர்த்தெடுத்த முறை இது. நமக்கு அயலிலுள்ள திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்திலும் இச்சிகிச்சை நடைபெறுகின்றது.

இந்த மின்சாரம் கருவிலுள்ள சிசுவைத் தாக்காதோ என்பதே தாயின் அச்சம். மின்னோட்டம் கம்பியின் நுனியைச் சுற்றிய சிறு பரப்பிலேயே நின்றுவிடுகிறது, கருப்பையை எட்டுவதில்லை. மருந்தோ அவ்வாறன்று: குருதியிற் கலந்து சிசுவிடமும் செல்லக்கூடியது. கருவி நன்கு வேலை செய்யும் பெண்ணுக்கு மருந்தைக் குறைக்கவோ நிறுத்தவோ இயலுமாதலால், கருவி தாய்க்கு மட்டுமன்றிச் சிசுவுக்கும் ஒருவகையிற் காவலாகிறது. கருவியுடனேயே கருவுற்ற டிஸ்டோனியாப் பெண்கள் நலமாகக் குழந்தை பெற்றதை இங்கிலாந்து வைத்தியர்கள் 2006இல் எழுதி வெளியிட்டனர். பிற நாடுகளிலிருந்தும் அத்தகைய செய்திகள் வந்துள்ளன. எனினும் எண்ணிக்கை சிறிதே. ஆகவே அவதானம் தேவை.

கர்ப்பிணியானேன் என்று அஞ்சிக் கருவியைத் தானே நிறுத்திவிடலாகாது. அடங்கியிருந்த முறுக்கம் கடுமையாகத் திரும்பி உயிருக்கே ஆபத்தாகலாம். மின்கலம் சில ஆண்டுகளிலே தீர்ந்துபோவது. எனவே கருத்தரிக்குமுன் அதன் மிகுதியைச் சோதித்துக்கொள்வது நன்று. பெட்டியை வயிற்றிற் புதைப்பதும் உண்டு. வயிறு பெருக்குங்கால் அங்கே கம்பி இழுபடுமாதலால், பிள்ளைப்பேற்றை எண்ணும் இளம்பெண்ணுக்கு மார்பே ஏற்ற இடம்.

சிசுவைப் பார்க்கும் ஸ்கேன் பரிசோதனைக்குத் தடையில்லை. ஆனால் நோவுக்கென உடலினுள்ளே வெப்பமூட்டும் டயதெர்மி சிகிச்சை அறவே ஆகாது. பல் பிடுங்கியபின் அதனைப் பெற்ற, இக்கருவி தாங்கிய ஒருவரின் மூளை மீளாச் சேதமுற்றதை 2001இல் வெளியான வைத்தியக் குறிப்பொன்று கூறுகிறது. சிசேரியன் சத்திரசிகிச்சையில் குருதிப்பெருக்கை அடக்கும் மின்கருவியிலும் இருமுனை வகையே விரும்பத்தக்கது. கருவியுண்டென்ற செய்தி சத்திரசிகிச்சை மேசையருகே நிற்பவருக்கு முன்னரே தெரிந்திருந்தாலன்றி இதெல்லாம் வீண்.

கொட்டகலைத் தோட்டத்துப் பெண்ணுக்கு இது பெரிய காரியம். நோவு கண்டபின் டிக்கோயாவுக்கோ நுவரெலியாவுக்கோ ஓடும் வாகனத்திலே யாரும் வரலாறு கேட்டுக்கொண்டிரார். ஆகையால் முதல் கிளினிக்கிலேயே குடும்பநல உத்தியோகத்தரிடம் கூறி, கர்ப்பிணிப் பதிவேட்டில் கருவியின் பெயர், அது புதைந்துள்ள இடம், பொருத்திய வைத்தியசாலை ஆகியவற்றை எழுதுவித்துக்கொள்ளல் வேண்டும். மற்றொன்று: கொழுந்துக் கூடையின் கயிறு தலையை அழுத்துவது. கம்பி ஓடும் இடமும் தலைதான். அங்கே தோல் நைந்தால் கிருமி புகும். கூடை சுமக்கலாமா என்பதை அவளுடைய வைத்தியரிடம் கேட்டே தீர்மானிக்க வேண்டும், கங்காணியிடம் அல்ல.

பிறக்கும் குழந்தைக்கும் இந்நோய் வருமோ? பரம்பரையாக வரும் ஒருவகை டிஸ்டோனியாவில், பழுதுற்ற மரபணு பிள்ளைக்குச் செல்லும் வாய்ப்புப் பாதி. அதனைப் பெற்றவரிலும் ஏறக்குறைய 100க்கு 30 பேருக்கே நோய் தோன்றுகிறது. எல்லா டிஸ்டோனியாவும் பரம்பரையன்று.

பாலூட்டவும் தடையில்லை. மார்பிலுள்ள பெட்டியின்மேல் பிள்ளையின் தலை அழுந்தி நோகுமாயின், பிள்ளையை மறுபுறம் சாய்த்து அணைத்துக்கொண்டாற் போதும்.